டீ

வள்ளியூர் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் கேட்டார்:
"பையில என்னம்மா, குடைக்கம்பியா?"
டீ என்றேன்.
"டீயா?"
பந்தை மேல வச்சு அடிக்கிற டீ.
கூட ஒரு வலை, மடக்கினது.
தூக்கிப் பார்த்தார். கனமில்லை.
இருந்தாலும் லக்கேஜ் போட்டார்.
கிழித்த சீட்டைப் பைக்காதில் சொருகிவிட்டு
"இதுக்குன்னு தனி சீட்டு கேக்கப்பிடாது" என்றார்.

எங்களிடம் இருப்பது இது ஒன்றுதான்.
நாங்கள் பதினோரு பேர்.
ஒருத்தி திசையன்விளை. ஒருத்தி களக்காடு.
ஜெபக்கனி மூலைக்கரைப்பட்டி.
முப்பிடாதி பாளையங்கோட்டையில் நர்சிங் ஹாஸ்டல்.
நான் பணகுடி, பம்புசெட் கடையில் பில் போடுகிறவள்.
சேர்ந்து ஆடுவது ஞாயிறு மட்டும்,
அதுவும் கிரிக்கெட்காரர்கள் மைதானத்தில்
ஒரு மூலை விட்டால்.
மற்ற நாளெல்லாம் நாங்கள் அணியே இல்லை;
இந்தப் பைதான் பஸ் மாறி பஸ் மாறி
அணியாக இருந்துகொண்டிருக்கிறது.

விடிய அஞ்சரைக்குக் கடைக்குப் பின்னால் விரிப்பேன்.
வலையின் கம்பி ரெண்டும் வளைந்து நிற்கும்,
அவசரத்தில் வாய் திறந்த மீன் மாதிரி.
அடிப்பலகையில் பழைய ஃபுட்வால்வு ரெண்டு பாரத்துக்கு.
கம்பியைத் திருகி உயர்த்தினால்
ஒவ்வோர் உயரத்திலும் ஒரு நகப்பூச்சுக் கோடு:
முப்பிடாதி ஊதா. களக்காட்டுக்காரி பச்சை.
என்னுடையது தொப்புளுக்கு நேரே, பாதி உரிந்த ரோஸ்.
யாருடைய இடுப்பு எங்கே இருக்கிறதென்று
இந்தக் கம்பிக்குத் தெரியும்.

ஆனால் பணகுடியில் ஆடி மாசம்
டீயின் மேல் பந்து நிற்காது.
வைப்பேன், மட்டையை ஓங்குவேன்,
கணவாய்க்குள்ளிருந்து வருகிற காத்து
ஒரு விரலால் தட்டிவிட்டுப் போகும்.
திட்டினேன். பிறகு
விழுகிற பந்தையே அடிக்கப் பழகினேன்.
நிற்கிற பந்துக்கென்று செய்த சாமான்
எனக்கு மட்டும் பந்து வீசுகிறது.
மலையடியில் அத்தனை காத்தாடிகள்.
ஒன்றுகூட, இந்தச் சுற்று சரியா தப்பா என்று
நின்று யோசிப்பதில்லை.

இந்தத் தடவை பையைப் பிரித்தபோது
கம்பியில் புதுசாய் ஒரு சிவப்புக் கோடு.
ரொம்பக் கீழே. முழங்காலுக்குச் சற்று மேலே.
அந்த உயரத்துக்கு எங்களில் யாருமில்லை.
அவள் வீட்டுச் சின்னது எதுவோ
விளையாடி வைத்திருக்கிறது என்று நினைத்து
சுரண்டப் போனேன்.
அப்புறம் போன் போட்டேன்.

"என் கோடுதாம்ட்டி" என்றாள் ஜெபக்கனி.
அவள் ஸ்கூட்டரோடு விழுந்து மூணு வாரம்.
மாவுக்கட்டு. எழுந்திருக்கக் கூடாது.
"முறை வந்துட்டுல்லா, பையை வெறும்பையா
திருப்பி அனுப்பச் சொல்லுதியா?
சேர்ல இருந்துட்டு அடிச்சேன்."

கடையிலிருந்து சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துவந்தேன்.
கம்பியை அவள் கோட்டுக்கு இறக்கினேன்.
வலது காலை நேரே நீட்டிக்கொண்டேன், அவளைப்போல.
கால் இல்லாமல் அடிப்பது
கதவில்லாத வீட்டைப் பூட்டுவது மாதிரி.
எல்லாம் இடுப்பிலேயே திருகி இடுப்பிலேயே முடிகிறது.
பந்து கீழே விழ அங்கே இடமும் கிடையாது,
காத்து தட்டிய மறுநொடி மண்.
பால்காரர் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்.
எதுவும் கேட்கவில்லை. பாலும் ஊற்றவில்லை.

ராத்திரி சொன்னேன்: முப்பதுக்குப் பதினொண்ணு.
"எனக்கு ஒம்பது" என்றாள். "இங்க காத்தும் கிடையாது."
கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசவில்லை.
அந்தப் பக்கம் ஒரு சத்தம்,
ஈரத்துணியைக் கல்லில் போட்டது போல.
மறுபடி ஒன்று.
வலை என் கட்டிலுக்கடியில் இருக்கிறது,
டீயும் இங்கேதான்.
அவள் எதை வைத்து எதை அடிக்கிறாள் என்று
நான் கேட்கவில்லை.
எண்ண மட்டும் செய்தேன்.